உயர்நிலை வகுப்பில் உடல்நலப் பாடம்: இரத்தசோகையை முன்வைத்து ஒரு பாடக்குறிப்பு

தேர்வில் வினா வராத பாடம் வகுப்பில் நடத்தப்படாத பாடமாக நின்றுவிடுவது நம் பள்ளிகளில் நெடுநாளைய வழக்கம். உடல்நலக் கல்வி அவ்வாறு ஒதுங்கிப்போன பாடங்களுள் முதலாவது. கால அட்டவணையில் அதற்கென ஓர் இடம் இருக்கும். ஆனால் அந்த மணிநேரத்தைக் கணித ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ கடனாகப் பெற்றுக்கொள்வார். அரிதாக நடத்தப்படும்போதும், “காலையில் எழுந்து பல் துலக்குக; நகம் வெட்டுக; கீரை உண்க” என்னும் அறிவுரைப் பட்டியலாகவே அது அமைகிறது. இப்பட்டியலை மூன்றாம் வகுப்பிலேயே கேட்டுவிட்ட பிள்ளை, ஒன்பதாம் வகுப்பிலும் அதையே கேட்டுச் சலிப்படைகிறது.

உயர்நிலை வகுப்பு மாணவர் பதின்மூன்று முதல் பதினாறு வயதினர். காரணம் கூறாத அறிவுரையை ஏற்காத பருவம் அது. காரணம் விளங்கிவிட்டால் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லக்கூடிய பருவமும் அதுவே. ஆதலின் இவ்வகுப்புகளில் உடல்நலப் பாடம் அறிவுரையாக இராமல் ஆராய்ச்சியாக இருத்தல் வேண்டும். அது எங்ஙனம் இயலும் என்பதை ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு இக்கட்டுரையில் காண்போம். அத்தலைப்பு இரத்தசோகை. ஆசிரியப் பணியில் உள்ள நம் மக்களுக்கும், அப்பணிக்குப் பயிலும் இளையோருக்கும், வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தாய்மாருக்கும் இது பயன்படும் என நம்புகிறேன்.

இத்தலைப்பைத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. 2019–21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 59 பேரும், அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 31 பேரும் இரத்தசோகை உடையவர்கள். 2015–16இல் நடந்த முந்தைய ஆய்வில் இவ்விகிதம் முறையே 54, 29 என இருந்தது. விரல் நுனிக் குருதியைக் கொண்டு அளவிடும் முறை குறித்து வல்லுநரிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், சிக்கல் பெரிது என்பதில் ஐயமில்லை. வகுப்பறையில் தூங்கி வழியும் மாணவியைச் சோம்பேறி என்றும், படித்தது நினைவில் நில்லாத மாணவியை மந்தபுத்தி என்றும் கூறிவிடுவது எளிது. அச்சொல் அப்பிள்ளையின் உள்ளத்தில் வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். உண்மைக் காரணமோ குருதியில் உள்ள ஒரு குறையாக இருக்கலாம். அது தீர்க்கக்கூடிய குறை.

ஆசிரியர் முதலில் தெளியவேண்டியவை

நாம் உள்ளிழுக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து உடலின் எல்லாப் பகுதிகளுக்கும் சுமந்து செல்வது, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதப் பொருள். அதன் நடுவே அமைந்திருப்பது இரும்பு. நம் உடலிலுள்ள இரும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினிலேயே இருக்கிறது. ஒரு சிவப்பணுவின் வாழ்நாள் சுமார் 120 நாள்கள். பழைய அணுக்கள் அழியும்போது அவற்றிலுள்ள இரும்பை உடல் வீணாக்காமல் சேகரித்துப் புதிய அணுக்களுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. எனினும் வளர்ச்சிக்கும் இழப்புக்கும் ஈடாக உணவிலிருந்து புதிய இரும்பு நாள்தோறும் வந்துகொண்டே இருக்கவேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, 12 முதல் 14 வயதுவரை இருபாலாருக்கும் 100 மில்லிலிட்டர் குருதியில் 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின் அது இரத்தசோகை. 15 வயதுக்கு மேல் கருவுறாத பெண்களுக்கு 12 கிராம், ஆண்களுக்கு 13 கிராம் என்பது எல்லை. 8 கிராமுக்கும் கீழே இறங்கினால் அது கடுமையான நிலை. உடனே மருத்துவம் வேண்டும்.

வளரிளம் பருவத்தில் இக்குறை மிகுவதற்குக் காரணங்கள் நான்கு. முதலாவது, விரைந்த வளர்ச்சி: உடல் வளரும்போது குருதியின் அளவும் பெருகுகிறது. இரண்டாவது, பெண்களுக்கு மாதந்தோறும் நேரும் குருதியிழப்பு: ஒவ்வொரு மில்லிலிட்டர் குருதியோடும் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. மூன்றாவது, உணவில் இரும்பும் அதனை ஏற்க உதவும் சத்துகளும் குறைந்திருத்தல். நான்காவது, கொக்கிப்புழு போன்ற குடற்புழுக்கள் குருதியை உறிஞ்சுதல். இவற்றோடு ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றின் குறைவும் இரத்தசோகைக்குக் காரணமாகும். எனவே “இரத்தசோகை என்றாலே இரும்புக் குறைவு” என்று ஆசிரியர் கூறிவிடலாகாது; “பெரும்பாலும் இரும்புக் குறைவு” என்பதே சரியானது.

தளர்ச்சி, படியேறும்போது மூச்சு வாங்குதல், தலைசுற்றல், கவனக்குறைவு, கீழிமையின் உட்புறமும் நாக்கும் நகங்களும் வெளிறுதல் ஆகியன இதன் அடையாளங்கள். மண், சாம்பல், பச்சரிசி, சுண்ணக்கட்டி முதலியவற்றைத் தின்ன வேண்டும் என்னும் வேட்கையும் சிலரிடம் தோன்றும். வீட்டில் பச்சரிசியை மென்றுகொண்டே இருக்கும் பெண்ணைக் கண்டால், அது வெறும் கெட்ட பழக்கம் என்று அதட்டாமல், குருதியைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

பாட நோக்கங்கள்

எப்பாடத்திற்கும் மூவகை நோக்கங்கள் உண்டு என்பதைப் பயிற்சி நாள்களில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். இப்பாடத்திற்கு அவை பின்வருமாறு அமையும்.

1. அறிவு சார்ந்தது: இரத்தசோகையின் பொருள், காரணம், தடுக்கும் வழி ஆகியவற்றை மாணவர் தம் சொற்களில் விளக்குவர்.

2. மனவெழுச்சி சார்ந்தது: சோர்ந்த தோழியை எள்ளி நகையாடாமல் பரிவுடன் நோக்குவர், மாதவிலக்கைக் கூச்சத்திற்குரியதாக அன்றி உடலியற்கையாகக் கருதுவர்.

3. செயல் சார்ந்தது: தம் ஒருநாள் உணவை ஆராய்ந்து, அதில் தம் வீட்டு வழக்கத்திற்குப் பொருந்தும் ஒரு மாற்றத்தையேனும் செய்வர்.

மூன்றாவது நோக்கம் நிறைவேறாவிடில் முதலிரண்டும் ஏட்டளவில் நிற்கும். பயிற்சி ஆசிரியைகள் நடத்திய மாதிரிப் பாடங்கள் பலவற்றைப் பின்வரிசையில் அமர்ந்து நோக்கியிருக்கிறேன். கரும்பலகைப் படம் அழகாக இருக்கும். வினாக்கள் வரிசையாக வரும். விடைகளும் சரியாகவே இருக்கும். ஆனால் மணியடித்ததும் மாணவியர் தேநீருடன் உணவு உண்ணச் செல்வர். பாடம் முடிந்தது; பழக்கம் மாறவில்லை.

பாடம் நடத்தும் முறை

இதற்கு ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகள் ஒதுக்குதல் நலம். ஹெர்பார்ட்டின் ஐந்து படிகளை ஒட்டியே இதனை அமைத்துள்ளேன்.

ஆயத்தம்: “உங்களில் யாருக்கு அடிக்கடி களைப்பு வருகிறது?” என்று தொடங்குதல் கூடாது. கை தூக்கும் பிள்ளை அன்று முதல் நோயாளி எனப் பெயர் பெற்றுவிடும். மாறாக, “நெடுந்தொலைவு ஓடியபின் மூச்சு வாங்குவது ஏன்?” என்று பொதுவாக வினவுக. விடையிலிருந்து ஆக்சிஜனுக்கும், அதிலிருந்து அதைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கும், அதிலிருந்து இரும்புக்கும் மாணவரைப் படிப்படியாக அழைத்துச் செல்க.

எடுத்துரைத்தல்: இங்குக் கணக்கு ஒன்று பெரிதும் உதவும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்பும், அதே வயது ஆணுக்கு 22 மில்லிகிராம் இரும்பும் உணவில் இருக்கவேண்டும். தீட்டிய வெள்ளையரிசி 100 கிராமில் இருப்பது ஏறத்தாழ 0.65 மில்லிகிராம், கம்பு 100 கிராமில் ஏறத்தாழ 6.4 மில்லிகிராம். “வெள்ளையரிசியால் மட்டுமே 30 மில்லிகிராம் பெற வேண்டுமாயின் எத்தனை கிலோ அரிசி உண்ணவேண்டும்?” என்று கேளுங்கள். நாலரைக் கிலோவுக்கும் மேல் என்று விடை வரும்போது வகுப்பில் சிரிப்பு எழும். அச்சிரிப்பே பாடத்தின் வெற்றி. அக்கணக்கை அவர்கள் மறவார். தட்டில் சோறு நிறைந்திருப்பதும் சத்து நிறைந்திருப்பதும் வேறு வேறு என்பதை அதன்பின் விளக்க வேண்டியதே இல்லை.

ஒப்பிடல்: உணவில் இரும்பு இருப்பது ஒன்று, அதை உடல் ஏற்பது மற்றொன்று. தானியம், பயறு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்பில் சிறு பகுதியையே குடல் ஏற்கிறது. வைட்டமின் சி உடனிருந்தால் அப்பகுதி கூடுகிறது. தேநீர், காப்பி ஆகியவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் உடனிருந்தால் அது குறைகிறது. இதை விளக்க ஓர் எளிய சோதனை உண்டு. அறிவியல் ஆய்வகத்தில் உள்ள அன்னபேதியைச் சிறிது நீரில் கரைத்து, அதில் ஆறிய தேநீர் வடிநீரை ஊற்றுக. கரைசல் உடனே கருமையடையும். தேநீரின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டதே காரணம். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் எழுதும் மை செய்ததும் இதே வினையைக் கொண்டுதான். அக்கரைசலில் எலுமிச்சைச்சாற்றைச் சிறிது சிறிதாக விட்டால் கருமை வெளிறுவதையும் காணலாம். குடலுக்குள் நிகழ்வது இதனினும் சிக்கலானது எனினும், “இரும்பைப் பிடித்து வைப்பன சில, விடுவிப்பன சில” என்னும் கருத்து மாணவர் கண்முன் நிற்கும். ஆய்வகப் பொருள் எதனையும் சுவைத்துப் பார்க்கலாகாது என முன்கூட்டியே எச்சரித்தல் ஆசிரியர் கடமை.

பொதுமைப்படுத்தல்: மேற்கண்டவற்றிலிருந்து மாணவரே விதிகளை வகுத்துக் கரும்பலகையில் எழுதுமாறு செய்க. அவை ஏறத்தாழ இவ்வாறு அமையும்: (அ) வெள்ளையரிசியோடு சிறுதானியமும் பயறும் சேர்க. (ஆ) உணவோடு எலுமிச்சை, நெல்லி போன்ற ஒன்றை உண்க. சூட்டில் வைட்டமின் சி அழிவதால் எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிக. (இ) தேநீருக்கும் உணவுக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் இடைவெளி விடுக. (ஈ) புளிப்புள்ள குழம்பை இரும்புச் சட்டியில் சமைத்தால் இரும்பு சிறிது உணவில் சேரும். (உ) பயறுகளை ஊறவைத்துச் சமைத்தால் இரும்பைத் தடுக்கும் பொருள் குறையும்.

செயற்படுத்தல்: மாணவர் ஒவ்வொருவரும் மூன்று நாள்கள் தாம் உண்டவற்றையும் உண்ட நேரத்தையும் குறித்து வரவேண்டும். அக்குறிப்பை வகுப்பில் படிக்கச் சொல்லுதல் கூடாது. ஆசிரியரும் வாங்கிப் பார்க்க வேண்டுவதில்லை. வீட்டு வறுமையும் வழக்கமும் அதில் வெளிப்படும். “உம் குறிப்பில் நீரே மாற்றக்கூடியது எது?” என்ற ஒரே வினாவுக்கு ஒரு வரியில் விடை தந்தால் போதும்.

மாணவர் எழுப்பும் ஐயங்கள்

ஐயங்களுக்கு விடை கூறும் நேரமே இப்பாடத்தின் உயிர்ப்பகுதி. அடிக்கடி எழும் சிலவற்றை இங்குத் தருகிறேன்.

“சிவப்பு நிற உணவுகள் இரத்தம் ஊறச் செய்யுமா?” பீட்ரூட்டின் நிறத்துக்கும் குருதியின் நிறத்துக்கும் தொடர்பில்லை. கிழங்குகளை விலக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் இதனால் ஏதோ இழந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

“பள்ளியில் தரும் நீல மாத்திரை எதற்கு? அதை உண்டால் வயிறு புரட்டுகிறதே?” 2013 முதல் 6ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்புவரை உள்ள மாணவர்க்கு வாரம் ஒரு மாத்திரை வழங்கும் திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2018இல் தொடங்கிய ‘இரத்தசோகையற்ற பாரதம்’ திட்டத்தின்படி அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வெறும் வயிற்றில் உண்டால் குமட்டல் தோன்றும். உணவுக்குப்பின் உண்டால் பெரிதும் குறையும். மலம் கறுத்துப்போதல் இயல்பே, அஞ்ச வேண்டுவதில்லை. தேநீருடனோ பாலுடனோ அதை விழுங்கலாகாது. இவற்றை முன்னரே கூறாமல் மாத்திரையை மட்டும் கொடுத்தால், பிள்ளை அதைச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிடும்.

“ஆண்களுக்கு இப்பாடம் எதற்கு?” நூற்றுக்கு 31 என்ற எண்ணை நினைவூட்டுக. மேலும், நாளை ஒரு குடும்பத்தில் யார் முதலில் உண்பது, யார் எஞ்சியதை உண்பது என்பதை முடிவு செய்பவருள் அவர்களும் இருப்பர். ஆதலின் மாணவரை வெளியே அனுப்பிவிட்டு மாணவியர்க்கு மட்டும் இப்பாடத்தை நடத்துதல் பிழை. தனியே கேட்க விரும்பும் மாணவியர்க்குப் பிறகு ஒரு நேரம் ஒதுக்கலாம். பெயரெழுதாத வினாச்சீட்டுப் பெட்டி ஒன்றை வகுப்பில் வைப்பதும் பயன் தரும்.

“கறி உண்ணாததால்தான் உனக்கு இரத்தம் இல்லை”

நம் பிள்ளைகள் வகுப்பில் கேட்க நேரும் சொல் இது. சில வேளைகளில் ஆசிரியரே இதைச் சொல்லிவிடுவதுண்டு. இதற்கு விடை சினமும் அன்று, மறுப்பும் அன்று. உண்மையை முழுதாகக் கூறுவதே விடை.

ஊனிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கிறது என்பது உண்மை. அதனால் இரத்தசோகை தாவர உணவினர்க்கே உரியது என்பது உண்மையன்று. ஊன் உண்போர் மிகுந்த நம் நாட்டில் வளரிளம் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இக்குறை இருப்பதே அதற்குச் சான்று. தாவர உணவு உண்பவர் தம் உணவை அறிந்து தேர்ந்து உண்ண வேண்டும், அவ்வளவே. கம்பு, கேழ்வரகு, கொள்ளு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, எள், முருங்கைக்கீரை, அரைக்கீரை ஆகியன நம் ஊர்களில் விளைபவை, விலை மிகாதவை.

வைட்டமின் பி12 பற்றியும் மறைக்காமல் கூறவேண்டும். அது தாவர உணவுகளில் இல்லை. நமக்கு அது கிடைப்பது பாலாலும் தயிராலும் மோராலுமே. பாலை வெறுக்கும் பிள்ளைக்கும், கடினமான தியாகங்களை மேற்கொண்டு பாலும் தயிரும் விலக்கிய முதியோர்க்கும் இக்குறை நேரலாம். கை கால் மரத்துப்போதல், நினைவு தளர்தல், நாக்குப் புண்ணாதல் ஆகியன அதன் அறிகுறிகள். இது நீடித்தால் நரம்புகள் பழுதுபடும். ஆகையால் சோதித்து மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் இன்றியமையாதது. மருந்தாக விற்கப்படும் பி12 நுண்ணுயிர்களை வளர்த்து நொதிக்கச் செய்து தயாரிக்கப்படுவது, ஊனிலிருந்து எடுக்கப்படுவதன்று. ஆனால் மருந்தை அடைத்த உறைகள் பல ஜெலட்டினால் ஆனவை. அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. எனவே உறையிட்ட வடிவத்துக்கு மாற்றாக வில்லை வடிவில் தருமாறு மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

நம் இல்லங்களில் கருதத்தக்கவை

இரவுண்ணாமை நம் குலத்தின் சிறந்த ஒழுக்கம். அதைக் கைக்கொள்ளும் பிள்ளையின் ஒருநாளை எண்ணிப் பாருங்கள். காலையில் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் அரை இட்லி, பகல் 12.30க்கு ஆறிப்போன கட்டுச்சோறு. மாலையில் பள்ளியிலேயே சிறப்பு வகுப்பு. நவம்பர் மாதத்தில் நம் பகுதியில் 5.40 மணியளவில் ஞாயிறு மறைந்துவிடுகிறது. பிள்ளை வீடு திரும்பும்போது இருட்டிவிட, உணவில்லை. மறுநாள் காலை 7.30 மணிவரை 19 மணி நேரம் அவ்வுடல் வெறுமையாய் இருக்கிறது. இது ஒழுக்கத்தின் குறையன்று, ஏற்பாட்டின் குறை. நம் முன்னோர் வாழ்வில் பகலுணவும் மாலையுணவும் வெளிச்சத்திலேயே நிறைவுற்றன. பிள்ளையின் பள்ளி நேரம் மாறியதற்கேற்ப அந்த இரண்டாம் உணவைப் பள்ளிக்கே அனுப்புதல் வேண்டும். கம்படை, எள்ளுருண்டை, வறுத்த கடலை, எலுமிச்சைச் சோறு என மாலை 5 மணிக்குள் உண்ணத்தக்க ஒரு பொட்டலம் பையில் இருந்தால் போதும். சிறப்பு வகுப்பில் பத்து நிமிட இடைவேளை கேட்டுப் பெற்றோர் ஒரு கடிதம் எழுதினால் எந்தத் தலைமையாசிரியரும் மறுக்கமாட்டார்.

அட்டமி, சதுர்த்தசி நாள்களிலும் மழைக்கால மாதங்களிலும் கீரைகளை விலக்கும் இல்லங்கள் உள்ளன. அந்நாள்களில் பயறும் கம்பும் எள்ளும் கீரையின் இடத்தை நிரப்ப வேண்டும். முளைகட்டிய தானியத்தை விலக்குவோர், ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பதன் மூலமும் ஓரளவு பயன் பெறலாம். விதி நமக்கு எதை விலக்கச் சொல்கிறது என்பதை அறிந்த நாம், அதற்கு ஈடாக எதைச் சேர்க்கவேண்டும் என்பதையும் அறிந்திருத்தல் முறை.

உபவாசம் பற்றி ஒரு சொல். பதினாறு பாவனைகளுள் தியாகத்தையும் தவத்தையும் கூறுமிடத்து, ‘சக்திக்கு ஏற்ப’ என்னும் அடையைச் சேர்த்தே நம் ஆசாரியர் கூறினர். ஹீமோகுளோபின் குறைந்த பிள்ளை, தோழியர் நோற்கிறார்களே என்று தானும் நோற்க முற்படின், “உன் உடல் தேறட்டும், அதுவரை சுவையொன்றை விடு, அல்லது நாள்தோறும் ஒரு நாழிகை சுவாத்தியாயம் செய்” என்று கூறும் உரிமை தாய்க்கு உண்டு. அது விரதத்தைத் தடுப்பதன்று, தள்ளிவைப்பதே.

இன்னும் ஒரு வினா நம் பிள்ளைகளிடமிருந்தே எழும்: “குடற்புழு மாத்திரை புழுக்களைக் கொல்லுமே, அதை உண்ணலாமா?” 2015 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளில் அம்மாத்திரை வழங்கப்படுகிறது. இவ்வினாவை நகைத்து ஒதுக்காதீர்கள்; உயிர்களிடத்துப் பரிவு கொண்ட உள்ளமே இப்படிக் கேட்கும். இல்லறத்தார் முழுதும் விலக்கவேண்டியது சங்கல்ப ஹிம்சை என்பதையும், நோய் தீர்க்கும் நோக்கம் வேறு என்பதையும் பெரியோர் விளக்குவர். அதனினும் சிறந்த வழி ஒன்றை ஆசிரியர் கூறலாம். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோல் வழியே உடலுள் நுழைவது. காலணி அணிந்து, கழிப்பறையைப் பயன்படுத்தி, உண்ணுமுன் கைகழுவினால் புழு உடலுள் புகாது, கொல்லவும் நேராது. நோயை வருமுன் காத்தல் அகிம்சைக்கும் உகந்ததாதல் காண்க.

மதிப்பீடு

இப்பாடத்திற்கு மதிப்பெண் இட்டால் அது மீண்டும் மனப்பாடமாகிவிடும். ஒரு திங்கள் கழித்துக் கீழ்க்கண்ட வினாக்களை வாய்மொழியாகக் கேட்டால் போதும்.

1. சென்ற மாதத்தில் உங்கள் உணவில் மாறியது எது? மாறாததற்குக் காரணம் எது?

2. உணவுக்குப்பின் உடனே தேநீர் அருந்தும் பெரியவருக்கு இதை எவ்வாறு பணிவுடன் எடுத்துரைப்பீர்?

3. உங்கள் தெருவில் ஒரு பெண் எப்போதும் களைப்பாய் இருக்கிறாள். அவளுக்கு நீங்கள் சொல்லத்தக்கது யாது? சொல்லத்தகாதது யாது?

4. வீட்டில் கடைசியாக உண்பவர் யார்? அவருக்கு எஞ்சுவது என்ன?

நான்காவது வினாவுக்கு வகுப்பில் விடை வேண்டா. அதைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும்.

ஆசிரியர் செய்யலாகாதவை மூன்று. இமையைப் பார்த்து நோயை முடிவு செய்தல் கூடாது. குருதிச் சோதனையே முடிவு கூறும். சோதனை எண்களை வகுப்பில் வாசித்தல் கூடாது. பெற்றோரிடம் தனியே தெரிவிக்க வேண்டும். வார மாத்திரையே போதும் என்று கூறுதல் கூடாது, அது தடுப்புக்கானது. குறை உறுதியானால் மருத்துவர் குறிக்கும் அளவில், குறிக்கும் காலம்வரை மருந்துண்ண வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.

பிப்ரவரி 2020இல் மைய அரசு தொடங்கிய பள்ளி உடல்நலத் திட்டத்தின்படி, ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள் நலவாழ்வுத் தூதுவர்களாகப் பயிற்சி பெறுதல் வேண்டும். நம் மக்களுள் ஆசிரியப் பணியில் உள்ளோர் இப்பொறுப்பை விரும்பிக் கேட்டுப் பெற வேண்டுகிறேன். ஆகாரம், மருந்து, சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களைப் போற்றும் மரபு நம்முடையது. ஒரு பிள்ளைக்குத் தன் உடலை அறியக் கற்பிப்பதில் இவற்றுள் மூன்றேனும் அடங்கும். வரும் காலாண்டில் உங்கள் ஊர் ஜினாலயத்தில் பிள்ளைகள் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இக்கட்டுரையிலுள்ள அரிசிக் கணக்கையும் தேநீர்ச் சோதனையையும் நடத்திப் பாருங்கள். அரைமணி நேரம் போதும். அன்று மாலை வீடுகளில் எலுமிச்சை தேடப்படுமாயின், பாடம் நடந்தது என்று கொள்ளலாம்.